ஆர்டிசி பேட்டரி: உள்ளே போகும் கரண்ட், வெளியே கசியும் கரண்ட்

"கரண்ட் போய் வந்தா டைம் நிக்க மாட்டேங்குது" என்ற புகாரோடு வரும் போர்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். வருகைப்பதிவுக் கருவி, டேட்டா லாகர், பம்ப் டைமர் என்று எதுவாகவும் இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் அவற்றில் நேரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது ஆர்டிசி (ரியல் டைம் கிளாக்) என்ற கடிகாரச் சிப், அதற்கான பேட்டரிதான் காயின் செல். பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே காயின் செல்லை மாற்றிப் பார்த்திருப்பார்கள். சில மாதங்களில் புதுசும் தீர்ந்திருக்கும்.

செல்லைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிஆர்2032 செல்லில் சுமார் 220 மில்லிஆம்ப்-மணி இருக்கும். டிஎஸ்3231 ஆர்டிசி சிப், பேட்டரியில் ஓடும்போது வழக்கமாக 1 மைக்ரோஆம்புக்கும் சற்றுக் குறைவாகத்தான் எடுக்கும். டேட்டாஷீட் சொல்லும் அதிகபட்சமான 3 மைக்ரோஆம்ப் என்றே வைத்துக்கொண்டாலும் எட்டு வருடம் தாண்டும். அதுவும் மெயின் சப்ளை இல்லாத நேரத்துக்கு மட்டுமான கணக்கு. அப்படியிருக்க, ஒரு நல்ல செல் ஒரே வருடத்தில் காலியானால் கோளாறு அதைச் சுற்றியுள்ள சர்க்யூட்டில் இருக்கிறது.

முதலில் செல்லுக்கு உள்ளே போகும் கரண்ட். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் இது பாதுகாப்பு விஷயம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இசட்எஸ்-042 என்ற டிஎஸ்3231 மாட்யூலை மாணவர்கள் முதல் சிறு தயாரிப்பாளர்கள் வரை எல்லோரும் வாங்குகிறார்கள். அதில் சப்ளையிலிருந்து ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வழியாக பேட்டரிக்கு ஒரு சார்ஜிங் பாதை போகிறது. சார்ஜ் ஏறக்கூடிய எல்ஐஆர்2032 செல்லை மனதில் வைத்துச் செய்தது அது. நாம் போடுவதோ சார்ஜ் ஏற்றவே கூடாத சிஆர்2032. 5 வோல்ட் கொடுத்தால், டயோடில் விழுவது போக 4.4 வோல்ட் அளவில் அந்த 3 வோல்ட் செல்மீது ஏறி உட்கார்ந்துவிடும். செல் உப்பும், கசியும், மோசமானால் வெடிக்கவும் செய்யும். எல்ஐஆர்2032 போட்டாலும் நிம்மதி இல்லை, அதன் உச்சவரம்பு 4.2 வோல்ட்தான். அந்த ரெசிஸ்டரையோ டயோடையோ கழற்றிவிட்டு, சிஆர்2032 போட்டுப் பயன்படுத்துங்கள்.

எந்த போர்டானாலும் இதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். செல்லைக் கழற்றுங்கள், ஹோல்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்து, மெயின் சப்ளை கொடுத்து அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் சரி. மூன்று, நான்கு வோல்ட் காட்டினால் அங்கே சார்ஜிங் பாதை இருக்கிறது. ராஸ்பெர்ரி பை 5 போர்டில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். சார்ஜிங் வசதி உண்டு, ஆனால் வரும்போதே அணைத்துத்தான் வைத்திருக்கும். எம்எல்2020 போன்ற சார்ஜ் ஏறும் செல்லை மாட்டியவர்கள் மட்டும் அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, செல்லிலிருந்து வெளியே கசியும் கரண்ட். பேட்டரி அளவைக் கண்காணிக்கிறேன் என்று இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக, பேட்டரிக்குக் குறுக்கே நிரந்தரமாகக் கட்டிவிடுவார்கள். 3 வோல்ட்டில் அது 15 மைக்ரோஆம்ப். ஆர்டிசி குடிப்பதைவிடப் பல மடங்கு. செல் இருபது மாதம்கூடத் தாங்காது. அளக்கும் நேரத்தில் மட்டும் இணைகிற மாதிரி சுவிட்ச் போல ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, சால்டர் செய்தபின் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பசை. ஈரக்காற்றுள்ள இடத்தில் அது வழியாக 1 மெகாஓம் அளவுக்குப் பாதை உண்டானாலே 3 மைக்ரோஆம்ப் போய்விடும். பேட்டரித் தடத்தையும் கிரிஸ்டல் பகுதியையும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டு நன்றாகக் கழுவுங்கள். செல்லின் உடல்மீது நேரடியாக சால்டர் வைக்கவே கூடாது. உலோக முனை (டேப்) வெல்ட் செய்து வரும் செல்லையோ ஹோல்டரையோ பயன்படுத்துங்கள்.

டிஎஸ்1307 என்ற இன்னொரு ஆர்டிசி சிப்பை வைப்பவர்களுக்கு ஒரு சொல். அது 5 வோல்ட் சிப். சப்ளை, பேட்டரி வோல்டேஜின் 1.25 மடங்குக்குக் கீழே போனால் அது தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். 3 வோல்ட் செல்லுக்கு அந்த எல்லை 3.75 வோல்ட். 3.3 வோல்ட் போர்டில் அது பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான், சிப்போடு பேசும் ஐ2சி புரோகிராமைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம்.

சில மணி நேர மின்வெட்டைத் தாங்கினால் போதும் என்றால் சூப்பர் கபாசிட்டர் நல்ல தேர்வு. 0.22 ஃபாரட், 3 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட் வரை இறங்க, 1 மைக்ரோஆம்புக்கு 61 மணி நேரம். அதன் சொந்தக் கசிவைக் கழித்துக்கொள்ள வேண்டும். கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பொருளுக்கு இது ஆகாது.

அப்புறம் ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள் ஓடும் புரோகிராம். டிஎஸ்3231 சிப்பின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஏழாவது பிட் (பிட் 7), கடிகாரத்தை ஓட்டும் ஆஸிலேட்டர் இடையில் நின்றதா என்று சொல்லும். பல புரோகிராம்கள் அதைப் படிப்பதே இல்லை. கடிகாரம் நின்று மீண்டும் ஓடியிருந்தால், 2000ஆம் ஆண்டு ஜனவரி தேதியில் பதிவுகள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு தொழிலாளியின் வருகையோ குளிர்சாதனக் கிடங்கின் வெப்பநிலையோ அப்படித் தவறான தேதியில் பதிந்துவிட்டால் பின்னால் திருத்துவது மிகவும் கடினம். போர்டு உயிர்பெற்றதும் அந்த பிட்டைப் பாருங்கள். ஒன்று என்றிருந்தால் நேரம் நம்பத்தக்கதல்ல என்று திரையில் காட்டுங்கள், பதிவுகளிலும் குறியிடுங்கள். சரியான நேரத்தை எழுதிய பிறகுதான் பிட்டை அழிக்க வேண்டும். செல் மாற்றும்போது மெயின் சப்ளையை அணைக்காமல் மாற்றினால் நேரம் அழியாமல் இருக்கும், அதை மேனுவலில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.