பருப்புக் கலக்காத வாளி

சென்ற ஆவணியில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண விருந்து முடிந்ததும், மிச்சச் சோற்றிலிருந்து எரிபொருளுக்கான எண்ணெய் எடுக்கலாமா என்று பார்க்க, இரண்டு வாளி சோற்றை ஆய்வுகூடத்துக்கு எடுத்துவந்தோம். ஒன்றில் கிடாரத்தின் அடியில் பிடித்த வெறும் சோறு. மற்றதில் இலைகளில் மிஞ்சியது. பருப்பும் சோயாமீற்றும் புரண்டு கிடந்தன. இரண்டையும் அரைத்து, நொதியம் சேர்த்து மாப்பொருளைச் சீனியாக உடைத்து, ஒரே மதுவத்தை (ஈஸ்ட்) இட்டோம். ஐந்தாம் நாள், எண்ணெயை ஒளிரச்செய்யும் நைல் சிவப்புச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். முதல் வாளியின் கலங்களுக்குள் பொன்னிற எண்ணெய்த் துளிகள் மின்னின. இரண்டாவதில் மதுவம் அமோகமாகப் பெருகியிருந்தது. எண்ணெய் பெயருக்குத்தான் இருந்தது.

காரணம் பருப்பு. அதன் புரதத்தில் நைதரசன் இருக்கிறது. நைதரசன் கிடைக்கும்வரை மதுவம் தன் இனத்தைப் பெருக்கும். அது தீர்ந்து சீனி மட்டும் மிஞ்சினால், பெருக வழியில்லாமல் சீனியைக் கொழுப்பாக மாற்றித் தனக்குள் பதுக்கும். பாணைப் பொங்கவைக்கும் மதுவம் இப்படிப் பெரிதாகச் சேர்ப்பதில்லை. லிப்போமைசிஸ் ஸ்டார்க்கி, ரொடோடொருலா டொருலொய்டிஸ் போன்ற இனங்களோ, நிலைமை வாய்த்தால், தம் உலர்நிறையில் பாதிக்கு மேல் எண்ணெயாகவே ஆகிவிடும். அமைப்பில் அது பாம் எண்ணெய்க்கு நெருக்கமானது. மெதனோலுடன் வினைபுரியச் செய்தால் உயிர்டீசல் கிடைக்கும், பக்கவிளைபொருளாகக் கிளிசரோலும்.

2022 இல் நாள்கணக்கில் எரிபொருள் வரிசையில் நின்ற நண்பர்கள், "இனி அந்த நிலை வராதா?" என்று ஆவலோடு கேட்கிறார்கள். அவர்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. 1 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 5 கிலோ சீனி வேண்டும். 100 கிலோ சோற்றிலிருந்து நன்றாக நடந்தால் 5 கிலோ எண்ணெய் எடுக்கலாம். இரவு பகலாகக் காற்று ஊட்டவும், தடித்த கலச்சுவரை உடைக்கவும் மின்சாரம் செலவாகும். வரிசையை ஒழிக்க இது போதாது.

ஆனாலும் இதை நான் விடமாட்டேன். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொழும்பின் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான உணவுக் கழிவுதான். மேட்டில் குவிந்தால் அழுகி மீதேன் வாயுவைக் கக்குகிறது. 2021 முதல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஈரக் கழிவோ எரிவதற்கு முன் தன் நீரை ஆவியாக்கவே வெப்பத்தைத் தின்றுவிடுகிறது. அந்தக் கழிவிலிருந்து எத்தனை வாளியைப் பிரித்தெடுத்தாலும் எனக்கு அது பெரிது.

விருந்துச் சமையல் செய்பவர்களிடம் கேட்பது இதுதான். சாப்பிடத்தக்க சோறு மனிதருக்கே போகட்டும். அடிப்பிடித்ததும் குழைந்ததும், பேக்கரியில் விற்காத பாணும் ஒரு வாளியில் இருக்கட்டும். பருப்பு, மீன்தலை, இலை மிச்சம் வேறு வாளிக்கு. அவை உயிர்வாயுக் கலனுக்கு நல்ல தீனி. சோற்று வாளியை மூடி, அன்றே தாருங்கள். கொழும்பு வெயிலில் ஒரு பகல் கடந்தால் சோறு புளித்துவிடும். மதுவத்துக்கு வைத்ததைப் பற்றீரியா முந்திக்கொண்டு தின்றிருக்கும்.