ஸ்கெப்டிக் என்பவர் மறுப்பாளரா, ஐயுறவாளரா?

காலநிலை மாற்றம் பற்றிச் சொல்லப்படுவதைக் கேள்வி கேட்பவரை ஆங்கிலத்தில் ‘கிளைமட் ஸ்கெப்டிக்’ என்பார்கள். அதைத் தமிழில் பெரும்பாலும் ‘காலநிலை மாற்ற மறுப்பாளர்’ என்று எழுதுகிறார்கள். சிலர் ‘சந்தேகவாதி’ என்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. மறுப்பாளர் என்பது வேறொருவரைக் குறிக்கும் சொல். சந்தேகவாதி என்றாலோ, பொலிஸ் செய்திகளில் ‘சந்தேகநபர்’ என்று நாள்தோறும் வாசித்துப் பழகிய நமக்கு, ஏதோ குற்றத்தில் பிடிபட்டவரைச் சொல்வதுபோல இருக்கிறது. ஐயுறவு என்ற நல்ல பழஞ்சொல் கையில் இருக்கும்போது இந்த இரண்டும் எதற்கு? வட அமெரிக்காவில் பனிப்புயல் அடிக்கும் ஒவ்வொரு தையிலும் மாசியிலும், ‘இவ்வளவு குளிரில் உலகம் எங்கே சூடாகிறது?’ என்ற கேள்வியோடு இந்தக் குழப்பம் கொழும்புவரை வந்து சேர்வதால், இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

ஸ்கெப்டிக் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘ஸ்கெப்தெஸ்தாய்’ என்ற வினைக்கு உற்றுப் பார்த்தல், ஆராய்தல் என்று பொருள். டெலஸ்கோப், மைக்ரஸ்கோப் என்பவற்றின் ‘ஸ்கோப்’பும் இதற்கு உறவுதான். ஆக, வேர்ப்பொருளில் நம்பாமையே கிடையாது, பார்வைதான் இருக்கிறது. ஸ்கெப்டிக்குகளின் முன்னோடியாகச் சொல்லப்படும் பிர்ரோ கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கர். அலெக்சாந்தரின் படையோடு இந்தியாவரை வந்து, இங்குள்ள துறவிகளைச் சந்தித்தவர் என்று கிரேக்க வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பல நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த மரபைத் தொகுத்து எழுதிய செக்ஸ்துஸ் எம்பிரிக்குஸ், தேடுவோரை மூவகையாகப் பிரித்தார். உண்மையைக் கண்டுவிட்டோம் என்போர் ஒரு வகை, அதைக் காணவே முடியாது என்போர் இன்னொரு வகை, இன்னும் தேடிக்கொண்டிருப்போர் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையினருக்குத்தான் அவர் ஸ்கெப்டிக் என்ற பெயரைக் கொடுத்தார். ‘முடியாது’ என்று அடித்துச் சொல்பவரை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. தமிழிலும் அதை அழிக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

ஏனெனில் தமிழில் அந்தக் கோடு மிகத் தெளிவாகவே போடப்பட்டிருக்கிறது. ‘ஐயந்திரிபற’ என்ற தொடரைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அதில் ஐயம் வேறு, திரிபு வேறு. மாலை மங்கலில் தூரத்தே ஓர் உரு தெரிகிறது. அது குற்றியோ, மகனோ? மரக்கட்டையா, ஆளா? இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஐயம். பழைய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இது. கயிற்றைப் பாம்பு என்றே முடிவுகட்டிவிட்டால் அது திரிபு. ஐயப்படுபவர் கிட்டப்போய்ப் பார்ப்பார். திரிபுற்றவருக்கு அது தேவைப்படாது, அவர்தான் முடிவுக்கு வந்துவிட்டாரே. (ஆத்திசூடியின் ‘ஐயம் இட்டு உண்’ பிச்சையைக் குறிப்பது. உருவம் ஒன்று, பொருள் வேறு.)

ஐயுறவு என்ற வடிவம் திருக்குறளிலேயே இருக்கிறது. ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்பது 510ஆம் குறள். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து தெளிந்த பின்னும் ஐயப்பட்டுக்கொண்டே இருப்பதும் தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். ஆட்களைத் தேர்வது பற்றிச் சொன்னது இது. ஆனால் காலநிலை மாற்றம் பற்றி இன்று நடக்கும் சண்டையில் இரு தரப்பும் செய்யும் பிழைகளை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இனிப் பனிப்புயலுக்கு வருவோம். என் சித்தப்பா கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபறோவில் இருக்கிறார். ஒவ்வொரு குளிர்காலமும் அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் வீடியோ வரும். கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு, பக்கக் கண்ணாடியின் நுனி மட்டும் வெளியே தெரியும். கையுறையோடு சவளைப் பிடித்தபடி, மூச்சு வாங்க வாங்கப் பேசுவார்: “இஞ்சை ஸ்னோ முழங்காலளவு கொட்டிக் கிடக்கு. உலகம் சூடாகுதெண்டு ஆர் சொன்னது?” 1999 ஜனவரியில் ரொறன்ரோ மேயர் பனியை அகற்ற இராணுவத்தையே கூப்பிட்ட கதையையும் கூடவே எடுத்துவிடுவார். கொழும்பில் இருந்து அதைப் பார்ப்பவர்கள் சிரிப்புக்குறி போட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நமக்குப் பனி என்றால் மார்கழி இரவில் தலையில் இறங்குவது. ‘பனிக்குள்ள நிக்காதை, தடிமன் வரும்’ என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். முன்பனி, பின்பனி என்ற பருவப் பெயர்களிலும் இருப்பது அந்த ஈரப்பனியே. நுவரெலியாப் புல்வெளியில் விடிகாலையில் வெள்ளையாகப் பூப்பதை வானிலை அறிக்கை ‘துகள் உறைபனி’ என்று பிரித்துச் சொல்கிறது. சித்தப்பாவின் வாசலில் கிடப்பது இவை இரண்டுமல்ல. ‘வின்டர் ஸ்டோர்ம்’ என்பதற்குப் பொதுப்பெயராகக் குளிர்காலப் புயல் என்பதே பொருத்தம், ஏனென்றால் அது உறைமழையாகவும் வரலாம். கடுங்காற்றோடு பனி பறந்து கண்ணை மறைக்கும் ‘பிளிசர்ட்’டுக்குப் பனிப்புயல் என்ற சொல்லை ஒதுக்கி வைக்கலாம்.

சித்தப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. குற்றியோ மகனோ என்ற இடத்தில்தான் அவர் நிற்கிறார். அவரை மறுப்பாளர் என்றால் அது அநியாயம். 2015 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்க செனட் சபைக்குள் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து வீசினாரே செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், அவர் விடயம் வேறு. வெளியில் குளிர் என்பதையே உலக வெப்பமாதலுக்கு எதிரான சான்றாகக் காட்டினார் அவர். அதற்கு முந்திய 2014, அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான ஆண்டு என்று அறிவிக்கப்பட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஓர் ஊரில் ஒரு நாள் தெரிவது வானிலை. முப்பது ஆண்டுச் சராசரியில் தெரிவது காலநிலை. இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்தால் அது திரிபு.

கிட்டப்போய்ப் பார்த்தால் என்ன தெரிகிறது? காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும்வரை, அந்தக் கூடுதல் ஈரம் பனியாகவே கொட்டும். வட அமெரிக்காவின் ஈரி ஏரி உறையாமல் கிடக்கும்போது கடுங்குளிர்க் காற்று மேற்கிலிருந்து அதன்மேல் ஓடினால், ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டுபோய் அதன் கிழக்குக் கரையிலுள்ள பஃபலோ நகரில் கொட்டிவிடும். ஆகவே சூடாகும் உலகில் பெரும் பனிப்பொழிவு வருவதில் முரண் எதுவும் இல்லை. அதேவேளை, கடுங்குளிர் நாட்கள் உலக அளவில் 1950களுக்குப் பின் குறைந்தும் தணிந்தும் வருகின்றன. ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட அறிக்கையில் மிக உறுதியாகச் சொன்னவற்றுள் இதுவும் ஒன்று. பூமி சூடாவதற்கு மனிதச் செயல் காரணம் என்பது ஐயத்துக்கு இடமற்றது என்று கூறியதும் அதே அறிக்கைதான்.

மறு தரப்பையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே வரும் சொல் ‘அலாமிசம்’, அதாவது ஆபத்தை மிகைப்படுத்திக் கூவுவது. அலாம் என்பது இத்தாலிய ‘அல்லார்மே’யில் பிறந்தது, ‘ஆயுதம் எடுங்கள்!’ என்று பொருள். பகைவர் வருகிறார்கள் என்று காவலாளி எழுப்பும் கூக்குரல் அது. அப்படிக் கூவியவர்கள் சிலர் பிழையாகவும் கூவியிருக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் குளிர்காலப் பனி மிக அரிதாகிவிடும் என்று 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய விஞ்ஞானி ஒருவர் சொன்னது நாளிதழில் தலைப்பாக வந்தது. 2010 டிசம்பர் அந்த நாட்டில் நூறாண்டில் மிகக் குளிரான டிசம்பராகப் போனது. பிறகு பல ஆண்டுகளாக, பனிப்புயல் வந்தால் அந்தத் தலைப்பைத்தான் எல்லோரும் தூக்கிக் காட்டினார்கள். நேர்மையான எச்சரிக்கையையும் சேர்த்தே அது கெடுத்தது.

இமயமலை விடயம் நமக்கு இன்னும் கிட்ட நடந்தது. அங்குள்ள பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.பி.சி.சி.யின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி இருந்தது. இந்தியப் புவிச்சரிதவியலாளர் வி.கே. ரைனா 2009இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், பனியாறுகளின் நிலை அப்படிச் சொல்லவில்லை என்று காட்டினார். அப்போது ஐ.பி.சி.சி.யின் தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி அதை மாந்திரீக விஞ்ஞானம் என்று தள்ளிவிட்டார். 2010 ஜனவரியில் அந்த வரிக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று ஐ.பி.சி.சி.யே வருத்தம் தெரிவித்தது. பனியாறுகள் உருகுவது உண்மை; 2035 என்பது பொய். இரண்டையும் பிரித்துக் காட்டிய ரைனா செய்ததுதான் ஐயுறவு. அவரை மறுப்பாளர் என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு எவ்வளவு தவறான சித்திரம் போய்ச்சேரும்!

பனிப்புயலிலேயே இன்னும் தீராத ஐயம் ஒன்றும் இருக்கிறது. ஆர்க்டிக் மற்ற இடங்களைவிடப் பலமடங்கு வேகமாகச் சூடாவதால், வடதுருவக் குளிரைச் சுற்றி ஓடும் மேல்வளிமண்டலக் காற்றோட்டம் தளர்ந்து, குளிர் தெற்கே சரிகிறது என்ற கருத்தை 2012இல் ஜெனிபர் பிரான்சிஸும் ஸ்டீபன் வவ்ரஸும் முன்வைத்தார்கள். ஒவ்வொரு குளிரலையின் போதும் தொலைக்காட்சிகள் இதை முடிந்த முடிவாகச் சொல்கின்றன. விஞ்ஞானிகளிடையே இது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. இதைக் கேள்வி கேட்பவர் பூமி சூடாவதை மறுப்பவர் அல்லர்.

ஐயம் எப்படித் தெளிவாகும் என்பதற்கு ரிச்சர்ட் முல்லர் நல்ல சான்று. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர். பழைய வெப்பநிலைப் பதிவுகளை நம்பலாமா என்று வெளிப்படையாகவே கேட்டவர். நகரச் சூட்டால் கணக்குப் பிழைத்ததா, மோசமான வானிலை நிலையங்கள் கெடுத்தனவா என்றெல்லாம் சோதிக்க ஒரு குழு அமைத்தார். பெற்றோலிய வணிகத்தோடு தொடர்புள்ள கோக் அறக்கட்டளையின் பணமும் அதில் இருந்தது. 2012இல் அவர் எழுதிய முடிவு: வெப்பமாதல் மெய், ஏறத்தாழ முழுவதும் மனிதரால்தான். தேர்ந்தார், தெளிந்தார். அதன் பின்னும் அதே பழைய கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் மறுப்பாளர் என்ற பெயர்.

அலாமிசத்துக்குத் தமிழ் என்ன? ‘எச்சரிக்கைவாதம்’ என்று ஓர் இடத்தில் கண்டேன். அது கூடவே கூடாது. எச்சரிக்கை கன்னடத் தொடர்புள்ள சொல். அங்கே ‘எச்சர’ என்றால் விழித்திருத்தல். ஆயுதம் எடு என்பதைவிட விழித்திரு என்பது எவ்வளவு நிதானமான சொல்! அதை வசைச்சொல்லாக்கிவிட்டால், மெய்யாகவே ஆபத்து வரும்போது நம்மிடம் எஞ்சப்போவது என்ன? 2025 நவம்பர் 28இல் டித்வா சூறாவளி இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறி, மலைநாட்டில் மண்சரிவும் களனி ஆற்றில் வெள்ளமுமாக நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பௌத்தாலோக மாவத்தை வளிமண்டலவியல் திணைக்களத்தின் செய்தியையோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் சிவப்பு அறிவிப்பையோ ‘சும்மா பயப்படுத்துறாங்கள்’ என்று தட்டிக்கழிக்கும் பழக்கம் உயிரோடு விளையாடுவது. அதற்காக, எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட்டு, சரிவில் யார் கட்ட விட்டார்கள், வடிகாலை யார் மூடினார்கள் என்ற கேள்விகளைக் கைவிடவும் முடியாது. 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் குளிர்காலப் புயலில் அரச கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். குளிருக்குத் தயார்படுத்தாத எரிவாயுக் குழாய்களும் மின் நிலையங்களும் உறைந்துபோய், மின்சாரமின்றி வீடுகள் நாட்கணக்கில் விறைத்துக் கிடந்தது அதற்குப் பெருங்காரணம். அங்கும் கேட்க வேண்டிய கேள்வி இருந்தது.

ஆகவே அலாமிசத்துக்குப் ‘பீதியூட்டல்’ என்பதே சரி. ஆதாரத்தை மிஞ்சிக் கூவுவது மட்டுமே அதில் அடங்கும். ஆதாரத்தோடு கூவுவது எச்சரிக்கை. ஸ்கெப்டிக் ஐயுறவாளர், ஸ்கெப்டிசிசம் ஐயுறவு. மெய்யியல் பாடத்தில் பிர்ரோவின் கொள்கையைக் குறிக்க ‘ஐயவாதம்’ இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். காலநிலைச் செய்திக்கு ‘வாதம்’ வேண்டாம். ‘டினாயர்’ என்று வந்தால் மட்டும் மறுப்பாளர். மூலத்தில் ஸ்கெப்டிக் என்றே இருந்து, ஆள் மறுப்பாளராக இருந்தால்? மொழிபெயர்ப்பவர் அவர் என்ன சொன்னார் என்பதை முழுதாக வாசித்துவிட்டு, ‘தன்னை ஐயுறவாளர் என்று கூறிக்கொள்ளும்’ என்று எழுதலாம். தலைப்பில் இடம் போதாவிட்டால் பெயரை மட்டும் போட்டு, விளக்கத்தைச் செய்தியின் உள்ளே வைக்கலாம்.