முழங்கால் உயரத்தில் ஒரு பெட்டி

சென்ற மார்ச் மாதம் அடிலெய்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் என்னைப் பரோசா பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார்கள். ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய குடும்ப ஒயின் நிறுவனமான யலும்பா 1849இல் தொடங்கியது அங்கேதான். 1843இல் நட்ட கொடிகள்கூட இன்னும் காய்க்கின்றன. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி தங்கள் மாநிலத்துக்குள் நுழையாமல் அங்குள்ளவர்கள் காத்துவருகிறார்கள். செருப்பில் ஒட்டிய மண்ணோடு பூச்சி வந்துவிடும் என்பதால், வரப்பைத் தாண்டாதீர்கள் என்று வழியெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் பார்த்தது பெரிய நிறுவனம் அல்ல, ஐந்து தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்திவரும் சிறிய பண்ணை. அறுவடைக் காலம். கொட்டகை முழுவதும் புளித்த திராட்சையின் வாசம். கல் படிகளில் இறங்கினால் நிலவறை. அதன் வாசலில் ஒரு சங்கிலி தொங்கியது. மகள் அதை விலக்கிக் காலெடுத்து வைக்கப்போனாள். வீட்டுப் பெரியவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்துவிட்டார். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அவர் குனிந்து அதிலிருந்த எண்ணைப் படித்தார், விசிறியைப் போட்டார், எங்களை நிற்கவைத்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி குனிந்து பார்த்துவிட்டுத் தாம் முதலில் இறங்கினார்.

உள்ளே போனதும் மற்றவர்கள் பீப்பாய்களைப் பார்த்தார்கள். நான் படிக்கட்டுச் சுவரில் இருந்த மாடம் ஒன்றைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். புகை படிந்து கறுத்திருந்தது. பண்ணைப் பெரியவருடைய தாத்தா மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றிவைத்துச் சுடர் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்குவாராம். என் தாத்தாவுக்குக் கம்பம் பக்கத்தில் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். கிணற்றில் தூர் வாருவதற்கு முன் அவர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். இரண்டு தாத்தாக்களும் ஒரே வாயுவுக்கு, கரியமில வாயுவுக்குத்தான் அஞ்சியிருக்கிறார்கள்.

சென்னையில் 24 ஆண்டுகளாகத் தொழிலகப் பாதுகாப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். மூடிய இடங்களில் நேர்ந்த சாவுகளை விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலையின் ஒரு பகுதி. அதனால் அந்தச் சங்கிலியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்னும்போது சாராயத்தோடு கரியமில வாயுவும் உண்டாகிறது. நம் வீட்டு இட்லி மாவைப் பொங்கவைப்பதும் இதே வாயுதான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஒரு லிட்டர் சாறு புளித்து முடிவதற்குள் ஏறத்தாழ 40 லிட்டர் வாயுவை விடுகிறது. 5,000 லிட்டர் தொட்டி ஒன்று விடும் வாயு 4,000 சதுர அடிக் கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தேங்கி நிற்கப் போதும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் அது பள்ளம் தேடி இறங்கும். வாயுவை அளக்கும் அந்த வெள்ளைப் பெட்டி தாழ்வாக இருந்ததற்கு அதுவே காரணம்.

சாதாரணக் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகள் அனுமதிக்கும் உச்சம் 0.5 சதவீதம். 4 சதவீதத்தைத் தொட்டால் உயிருக்கு உடனடி ஆபத்து. 10 சதவீதத்தில் சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பிவிடும். சுடர் அணையும் அளவுக்கு வாயு சேர்வதற்கு முன்பே மனிதன் சுருண்டுவிடலாம். ஆகவே எரியும் விளக்கு நமக்கு எந்த உறுதியும் தருவதில்லை. மீத்தேன் சேர்ந்திருக்கும் கழிவுநீர்த் தொட்டியிலோ அந்த விளக்கே வெடிக்குக் காரணமாகிவிடும். தாத்தாவின் எச்சரிக்கை உணர்வு எனக்கு வேண்டும், அவருடைய விளக்கு வேண்டாம்.

என் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் வழக்கமான நால்வாயுக் கருவி ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவற்றை அளக்கும். கரியமில வாயுவை அளக்காது. காற்றில் அந்த வாயு 5 சதவீதம் கலந்தாலும் ஆக்சிஜன் 20.9இலிருந்து 19.9க்குத்தான் இறங்கும். எச்சரிக்கை ஒலி 19.5இல்தான் வரும். கருவி மௌனமாக இருக்க, ஆள் ஆபத்தில் இருப்பான். கிணறு, நிலவறை, மதுபான ஆலைத் தொட்டி ஆகிய இடங்களுக்குக் கரியமில வாயுவுக்கென்றே தனி உணரி வேண்டும்.

நாளிதழ்கள் எழுதும் 'விஷவாயு தாக்கி' என்ற தொடர்மீது எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. அதைப் படித்தவர்கள் ஏதோ நாற்றம் வரும், கண் எரியும், அப்போது ஏறிவிடலாம் என்று நம்புகிறார்கள். கரியமில வாயுவுக்கு நாற்றமே கிடையாது. அழுகிய முட்டை போல் நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அடர்த்தி கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதைப் பார்த்து ஆபத்து நீங்கியது என்று எண்ணி இன்னும் ஒரு படி இறங்குவார்கள். சில இடங்களில் எந்த வாயுவும் வேண்டியதில்லை. இரும்புத் தொட்டி துருப்பிடித்தால் போதும், துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

புறநகரில் நான் விசாரித்த ஒரு விபத்தை மறக்க முடியவில்லை. புது வீடு. கட்டி முடித்த தொட்டியில் ஒரு துளி கழிவுகூட விழவில்லை. சில வாரங்கள் மூடிக்கிடந்த அதற்குள் சென்டரிங் பலகை பிரிக்க ஒருவர் இறங்கினார். ஈரப் பலகைகள் உள்ளேயே அழுகி ஆக்சிஜனைத் தீர்த்திருந்தன. அவர் விழுந்த சத்தம் கேட்டதும் தம்பி குதித்தார். மூன்றாவதாக இறங்கப்போன கொத்தனாரின் சட்டையைச் சித்தாள் பெண்கள் இருவர் பிடித்து இழுத்து, அவர் திட்டத் திட்ட விடாமல் வைத்திருந்தார்கள். அவர் மட்டும் பிழைத்தார். நான் போனபோது தொட்டியின் வாயருகே இரண்டு ஜோடிச் செருப்புகள் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. புது வீட்டுத் தொட்டி என்பதற்காகச் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

பாசம்தான் இந்த இடங்களில் இரண்டாவது உயிரை வாங்குகிறது. அண்ணன் விழுந்துகிடக்கும்போது யோசித்து நில் என்று எந்தத் தம்பியிடமும் சொல்ல முடியாது. அதனால் இறங்குவதற்கு முன்பே ஏற்பாடு இருக்க வேண்டும். காற்றை மேலேயும் நடுவிலும் அடியிலும் அளக்க வேண்டும். விசிறி தொடர்ந்து ஓட வேண்டும். இறங்குபவர் உடலில் பாதுகாப்புப் பட்டை கட்டி, அதன் கயிறு மேலே முக்காலியில் உள்ள சுழல் இயந்திரத்தில் மாட்டியிருக்க வேண்டும். மேலே நிற்பவர் எதற்காகவும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. கீழே இருப்பவர் மயங்கினால் மேலிருந்தே சுழற்றித் தூக்க வேண்டும். இவ்வளவும் இல்லையென்றால் ஆளை இறக்கவே கூடாது.

சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கிணறு, கழிவுநீர்த் தொட்டி எதுவானாலும் காற்றின் கணக்கு ஒன்றுதான். கழிவுநீர்த் தொட்டிக்கோ சட்டமும் கடுமையானது. உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வேலை கொடுத்தவர் வீட்டுக்காரர் என்றாலும் விலக்கில்லை. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைக்கவும் புகார் சொல்லவும் 14420 என்ற எண் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் எங்கள் குடியிருப்பின் சம்ப் மூடிகளுக்கும் கழிவுநீர்த் தொட்டி மூடிக்கும் பூட்டு வாங்கினேன். சாவி காவலாளியிடம், என்னையோ சங்கச் செயலாளரையோ கேட்காமல் தரக் கூடாது என்று சொல்லிவைத்தோம். போன வாரம் அடைப்பு எடுக்க வந்த இருவர், "ஐந்து நிமிட வேலைதான் சார், இறங்கி ஏறிவிடுவோம்" என்று கேட்டார்கள். இளையவருக்கு இருபது வயதுகூட இருக்காது, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். சாவி தரவில்லை. அன்றைய கூலியைக் கொடுத்து, தேநீர் வாங்கிக்கொடுத்து உட்காரவைத்தோம். மூன்று மணி நேரம் கழித்து உறிஞ்சும் லாரி வந்தது. அந்தப் பையன் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றிருந்தார்.