மெட்டபாலிசம்: வளர்சிதை மாற்றமா, அனுசேபமா?

"எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ சார், தண்ணி குடிச்சாக்கூட வெயிட் போடுது." ஜிம் பயிற்சியாளர்களும் உணவியல் ஆலோசகர்களும் தினமும் கேட்கும் வசனம் இது. இதில் மெட்டபாலிசம் என்பது ஒரு வேகம், கூட்டவோ குறைக்கவோ முடிகிற ஒன்று. ஆனால் அந்தச் சொல் வேகத்தைக் குறிக்கப் பிறந்ததல்ல.

கிரேக்க மொழியில் மெட்டபோலே என்றால் மாற்றம். அதன் பின்பாதியில் இருப்பது 'எறி' என்ற வினை. செல் கொள்கையை நிலைநாட்டியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் தியோடோர் ஷ்வான், 1839இல் வெளியிட்ட நூலில், செல்லுக்குள்ளும் அதைச் சூழ்ந்த திரவத்திலும் நடக்கும் வேதி மாற்றங்களை 'மெட்டபாலிக்' நிகழ்வுகள் என்றார். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் மொழியில் இன்றும் புழங்குவது அவர் சொல் அல்ல. ஸ்டோஃப்வெக்ஸல், அதாவது 'பொருள்மாற்று' என்பதுதான் அங்கே வழக்கு.

பெயர் வருவதற்கு முன்பே சங்கதி தெரிந்திருந்தது. இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, உண்டதையும் கழித்ததையும் பல ஆண்டுகள் எடைபோட்டார். ஒரு நாளில் 8 பவுண்டு உண்டு குடித்தால், 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டுப் போய்விடுகிறது என்று 1614இல் எழுதினார். அது போகும் வழியில் ஒன்று மூச்சு என்பதை, பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் காட்டினார்.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தவருக்கு வளர்சிதை மாற்றம். இலங்கையில் உயிரியல் படித்தவருக்கு அனுசேபம். உடல் தனக்கு வேண்டிய பொருள்களைக் கட்டுவது அங்கே உட்சேபம், இருப்பதை உடைப்பது அவசேபம். இந்தச் 'சேபம்' வடமொழி க்ஷேபம், அதாவது எறிதல் என்பதிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாம் அன்றாடம் சொல்லும் ஆட்சேபத்தில் இருப்பதும் அதே க்ஷேபம்தான். கிரேக்கரின் 'எறி'யை விடாமல் வடமொழி வழியே கொண்டுவந்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஆக்கம்தான், ஆனால் கேட்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்வதில்லை.

வளர்சிதை மாற்றம் சொல்லிவிடுகிறது. கட்டுவது வளர்மாற்றம், உடைப்பது சிதைமாற்றம், இரண்டையும் சேர்த்தால் முழுப் பெயர். இரண்டும் ஒரே உடலில், ஒரே வேளையில் நடப்பதை 1930களின் கடைசியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் காட்டினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் அவர். கனமான நைட்ரஜனை அடையாளமாகச் சேர்த்த அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தைக் கட்டும் துண்டு ஒன்றை, எடை ஏறாத இறங்காத வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தார். உடலுக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை என்றால் கொடுத்ததெல்லாம் சிறுநீரில் வந்துவிட வேண்டும் அல்லவா? வரவில்லை. பாதிக்கும் மேல் எலியின் சொந்தப் புரதங்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. எடை காட்டும் முள் அசையவில்லை, ஆனால் பழையது கழன்று புதியது ஏறியபடியே இருந்திருக்கிறது.

நம் எலும்புத்தசையிலும் இதே கதைதான். அதன் புரதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் உடைந்து, புதிதாகக் கட்டப்படுகிறது. எடை தூக்கும் பயிற்சி கட்டுவதை மட்டும் கூட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெறும் வயிற்றில் பயிற்சி செய்தவர்களிடம் அளந்தபோது இரண்டுமே கூடியிருந்தன. புரதம் சாப்பிட்டால்தான் கணக்கு வளர் பக்கம் சாய்கிறது. பயிற்சி முடிந்ததும் முட்டையோ சுண்டலோ சாப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் அந்த 'ஸ்லோ'. அங்கே பேசப்படுவது வளர்சிதை மாற்றமே அல்ல. உடல் ஒரு நாளில் எரிக்கும் கலோரி. அதற்கு 'ஆற்றல் செலவு' என்ற எளிய தமிழே போதும். இப்படிச் சொல்லிப் பார்த்தாலே பல நம்பிக்கைகள் ஆட்டம் கண்டுவிடும். உடல் பருமன் உள்ளவர்களின் மொத்த ஆற்றல் செலவு பொதுவாக அதிகம்தான், பெரிய உடலை நடத்த வேண்டியிருக்கிறதே. முப்பது தாண்டினால் குறைந்துவிடும் என்பதும் சரியில்லை. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரை அளந்து 2021இல் வெளியான ஆய்வில், உடலின் கொழுப்பில்லா எடையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 முதல் 60 வயதுவரை அது ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. தசை ஏற்றினால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கொழுப்பு எரியும் என்ற பேச்சும் மிகைதான். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 13 கலோரி, ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூட அல்ல. கல்லீரல் கிலோவுக்கு 200, இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்குத் தலா 440. தசையின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: இன்சுலின் சொல் கேட்டு ரத்தச் சர்க்கரையை உள்ளே இழுப்பதில் பெரும்பங்கு அதனுடையது. வேலை செய்யும் தசையோ இன்சுலினுக்குக் காத்திராமலே இழுத்துக்கொள்ளும்.

எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 'வளர்ச்சிதை மாற்றம்' என்று ச் போட்டு அச்சாவதை அடிக்கடி பார்க்கிறேன். 'வளர்ச்சி' என்ற சொல் நினைவில் குறுக்கிடுவதால் வரும் பிழை. வளர்மாற்றமும் சிதைமாற்றமும் ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகைகள், அங்கே ஒற்று மிகாது. இரண்டும் சேர்ந்து வரும்போதும் வளர்சிதை என்றுதான் எழுத வேண்டும். வயிற்றுக் கொழுப்பு, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை போன்றவை சேர்ந்து கூடியிருக்கும் நிலையான மெட்டபாலிக் சிண்ட்ரோம் பற்றி எழுத நேர்ந்தால் 'வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி' என்று எழுதலாம். இலங்கை வாசகர்களுக்கு என்றால் முதல் தடவை அனுசேபத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.