வரி ரசீதை நம்பி மலையில் வீடு வாங்காதீர்கள்

நீலகிரியில் வரி வசூல் வேலையில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வீடோ காட்டேஜோ பார்க்க வருகிறவர்களிடம் புரோக்கர்கள் முதலில் நீட்டுவது சொத்து வரி ரசீதைத்தான். "ஆபீஸ்லயே வரி வாங்குறாங்க, அப்புறம் என்ன பயம்?" என்பார்கள். அதை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்துக்கு எங்களிடம் வரும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

நாங்கள் வரி போடுவது நிற்கிற கட்டடத்துக்கு. அதில் ஆள் இருக்கிறார்கள், குப்பை சேர்கிறது, சாலையும் தெருவிளக்கும் வேண்டியிருக்கிறது. அதனால் பரப்பளவு, எந்தத் தெரு, வீடா கடையா என்று பார்த்து அரையாண்டுக்கு இவ்வளவு என்று விதிக்கிறோம். நிலம் யாருடையது, கட்ட அனுமதி இருக்கிறதா என்பதற்கெல்லாம் அந்த ரசீது பதில் சொல்லாது. அனுமதியில்லாத கட்டடத்துக்குப் பத்து வருட ரசீதை அடுக்கி வைத்தாலும் அது அனுமதியில்லாத கட்டடம்தான்.

மலையில் கட்டுப்பாடுகள் அதிகம். நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்ட முடியாது. பல கிராமங்களில் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாரிடமும் தடையின்மைச் சான்று வாங்கித்தான் வரைபட அனுமதிக்கே போக வேண்டும். மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தது நினைவிருக்கும். அந்த நேரத்தில் வரி ரசீதைக் காட்டி எந்தப் பூட்டையும் திறக்க முடியாது.

கூடலூர், பந்தலூர் நிலைமை இன்னும் சிக்கல். ஜமீன் போல இருந்த பழைய ஜென்மி நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா இல்லை. வீட்டு வரி ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள், கையில் இருக்கிற காகிதம் அது ஒன்றுதான், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். அவர்களுக்கு அது குடியிருப்புக்கான ஒரு சான்று, அதைத் தவறாமல் கட்டி வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் அதே காகிதத்தைப் பார்த்து லட்சக்கணக்கில் பணத்தைக் கொடுப்பது வேறு கதை.

சரி, என்ன பார்க்க வேண்டும்? பட்டா, மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம். வரைபடத்தில் இருப்பதும் தரையில் நிற்பதும் ஒன்றா என்று டேப் பிடித்துப் பாருங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மேலே இரண்டு மாடி எழுப்பிய வீடுகள் இங்கே உண்டு. வீடு என்று வரி போட்ட இடத்தில் ஹோம்ஸ்டே நடக்கிறதா என்றும் கேளுங்கள், வணிகப் பயன்பாடு என்று மறுமதிப்பீடு ஆனால் கூடுதல் வரி உங்கள் தலையில் விழும்.

பழைய நிலுவையும் அப்படித்தான். அது விற்றவரோடு போகாது, கட்டடத்தின் மேலேயே நிற்கும்.

பட்டா மாறிவிட்டால் வரிப் புத்தகத்திலும் பெயர் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். பட்டா தாலுகா ஆபீஸ் வேலை, வரிப் பெயர் மாற்றத்துக்கு உள்ளாட்சியில் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வரிவிதிப்பு எண்ணை எழுதிக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பாக்கி, எந்தப் பயன்பாட்டுக்கு வரி போட்டிருக்கிறோம் என்று கேளுங்கள். அதற்குப் புரோக்கர் துணை தேவையில்லை.