கீல் வைத்ததே அசைப்பதற்குத்தான்

முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 6 வாரம் கழித்து எங்களிடம் வருகிறார்கள். கீல் வைத்த பிரேஸை (முழங்கையைத் தாங்க, பட்டைகளால் கட்டும் சட்டம்) கழற்றினால் கை 90 டிகிரியில் அப்படியே நிற்கிறது. மடக்கவும் வரவில்லை, நீட்டவும் வரவில்லை. "பயிற்சி செய்தீர்களா?" என்று கேட்டால், "பிரேஸ் போட்டிருந்தேனே, எப்படி அசைப்பது?" என்கிறார்கள். இந்த வாரமும் ஒருவர் இதையே சொன்னார். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரேஸ் வேறு, மாவுக்கட்டு வேறு. கையை அசையாமல் வைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் மாவுக்கட்டே போதும். கீலும் டயலும் எதற்கு? அந்த டயலில் இரண்டு எல்லைகள் இருக்கின்றன: எவ்வளவு நீட்டலாம், எவ்வளவு மடக்கலாம். 30 முதல் 90 டிகிரி வரை (நேராக நீட்டிய கை 0) என்று வைத்து அனுப்பினால், அந்த இடைவெளிக்குள் சொன்னபடி கையை அசைக்க வேண்டும் என்று அர்த்தம். சிலருக்கு முதலில் சில நாட்கள் முழுவதும் பூட்டித்தான் வைப்போம். அப்படியானால் எந்தத் தேதியில் பூட்டைத் திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

முழங்கை சீக்கிரம் இறுகிவிடும் மூட்டு. எலும்புகள் சேரும் மூன்று இணைப்புகள் ஒரே உறைக்குள் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு மேல் அசையாமல் வைத்தால் அந்த உறை சுருங்கி இறுகிவிடும். சாப்பிட, முகம் கழுவ, போனைக் காதில் வைக்க என்று அன்றாட வேலைகளுக்கு ஏறக்குறைய 30 முதல் 130 டிகிரி வரை அசைவு தேவை. இறுகிய கையில் அதை மீட்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை.

இதற்கு நேரெதிராக, "நல்லா இருக்கு" என்று தாங்களே டயலைத் திருப்புகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கத் தசை) தசைநாரைத் தைத்திருந்தால் அதிகம் நீட்டினால் தையல் இழுபடும். டிரைசெப்ஸ் (பின்பக்கத் தசை) என்றால் அதிகம் மடக்கினால் இழுபடும். அதனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வைத்த அளவு உங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம், பிரேஸ் கீழே நழுவும். வீக்கம் வடிந்ததும் பட்டைகள் தளர்ந்து, கீல் முன்கைப் பக்கம் இறங்கிவிடும். டயல் காட்டுவது ஒன்று, கை இருப்பது வேறு. முழங்கையின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பு முனைகளுக்கு நேராகக் கீலின் நடுப்பகுதி இருக்க வேண்டும். காலையும் மாலையும் பாருங்கள், தோல் சிவந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து. விரல்களையும் தோளையும் சும்மா விடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். பிடித்து இழுத்து நீட்டவும் வேண்டாம். அடிபட்ட முழங்கையில் வன்முறையாகச் செய்தால் தசைக்குள் எலும்பு வளரும் ஆபத்து உண்டு. கையை நோயாளியே மெதுவாக அசைக்கட்டும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போனால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல்கள் நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, விரலை நீட்டிவிடும்போது தாங்க முடியாத வலி எடுத்தாலோ, பட்டைகளைத் தளர்த்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.