உமிழ்நீர்: எச்சிலும் அல்ல, சளியும் அல்ல

“சளி மாதிரி எடுத்து வைரஸ் பரிசோதனை செய்யப்பட்டது.” 2020 முதல் செய்திகளில் தேய்ந்துபோன வாக்கியம் இது. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டாலும் சளி, தொண்டையில் தடவினாலும் சளி. குழாயில் வடித்துத் தரும் உமிழ்நீரையும் சிலர் சளி என்றே எழுதுகிறார்கள்.

உமிழ்நீர் வினைத்தொகை: உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் நீர். வாய்ச் சுரப்பிகள் உமிழ்வது. எச்சில் வேறு வழியில் வந்தது. எஞ்சு, எச்சம், எச்சில். தின்று மிஞ்சியது, வாய்பட்டது, பிறகுதான் வாயின் நீர். தீட்டு வாடை ஒட்டிய சொல்லை நோயாளியிடம் நீட்ட வேண்டியதில்லை. சளி, கோழை என்பவை மூச்சுப்பாதையில் திரள்பவை. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

‘சளி என்றால் எல்லாருக்கும் புரியுமே’ என்பார்கள். புரியும், தப்பாகப் புரியும். சளி கேட்டால் ஆள் காறித் துப்புவார். குழாயில் விழுவது பாதி கோழை, பாதி நுரை. நுரை அளவில் சேராது, 1 மி.லி. கோடு என்றால் நுரைக்குக் கீழே நீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். கோழை கலந்தால் பிப்பெட் (நீரை அளந்து உறிஞ்சும் குழல்) முனை அடைத்துக்கொள்ளும், இழுக்கும் அளவு குறையும், முடிவு தவறும். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரிக்காமல், புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்து 95 பாகை செல்சியசில் 5 நிமிடம் சூடாக்கி நேரே பி.சி.ஆருக்கு (மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) அனுப்பும் முறையில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். கேட்க வேண்டியது: “30 நிமிடம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல் இருந்து, வாயில் ஊறும் நீரைத் தானாக வடியவிடுங்கள்.” இதில் துப்பு என்ற வினையே இல்லை, கவனியுங்கள்.

தலைகீழ்த் தவறும் உண்டு. நுரையீரல் தொற்றில் பாக்டீரியா வளர்ப்புக்கு ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும். அங்கே உமிழ்நீர் வந்தால், நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு 10க்கு மேல் வாய்ச்சவ்வுச் செல்கள் தெரியும், ஆய்வகம் ஒதுக்கிவிடும். ஆக இரண்டு பொருள், இரண்டு சொல். ஒன்றைத் தின்று மற்றொன்றைக் கொழுக்க வைப்பது எளிமை ஆகாது.

இதைவிட மோசம் ‘உமிழ்நீரில் எச்.ஐ.வி. கண்டறியும் கருவி’ என்ற தலைப்பு. அந்தக் கருவியின் பட்டை பல் ஈறோரம் தடவப்படுகிறது. தேடுவது வைரஸை அல்ல, ஈற்றோரம் கசியும் நீரில் உள்ள, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் உருவாகியிராது. அப்போது ‘இல்லை’ என்று வந்தாலும் நம்ப முடியாது. தலைப்பைப் படித்தவரோ முத்தத்தில் எச்.ஐ.வி. பரவும் என்று முடிவுகட்டுவார். ‘ஈற்றுக்கசிவுச் சோதனை’ என்றால் என்ன குறை? நீளம் என்பார்கள். பத்தியை வளர்க்கும்போது மட்டும் நீளம் உறுத்துவதில்லை.

சிறுநீரில் சொல் சிக்கல் இல்லை. இடக்கரடக்கலாகவே நன்றாக நிற்கிறது. சிக்கல் பின்னால் ஒட்டும் ‘மாதிரி’யில். “சிறுநீர் மாதிரி கொடுங்கள்” என்றால் சிறுநீர் போன்ற ஏதோ ஒன்றா? “சோதனைக்குக் கொஞ்சம் சிறுநீர்” போதும். கொசுவால் பரவும் சிகா வைரஸ் போன்றவற்றின் தடயம் இரத்தத்தில் மறைந்த பிறகும் சிறுநீரில் சில நாள் கிடைக்கும். நாள் கணக்குப் பார்த்துத்தான் எதை எடுப்பது என்று முடிவாகும்.

பச்சிளங் குழந்தைக்குச் சைட்டோமெகலோ வைரஸ் சோதிக்கும்போது உமிழ்நீர், சிறுநீர் என்ற இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பிறந்து 21 நாளுக்குள் எடுக்க வேண்டும். தாமதமானால், பிறவியிலேயே வந்த தொற்றா, பிறந்தபின் வந்ததா என்று பிரிக்க முடியாது. பாலூட்டி ஒரு மணி நேரமாவது கழித்துக் கன்னத்தின் உட்புறம் ஒற்றியெடுப்பார்கள், ஏனெனில் தாய்ப்பாலிலும் அந்த வைரஸ் இருக்கலாம். உமிழ்நீரில் ‘உண்டு’ என்று வந்தால் சிறுநீரில் உறுதி செய்வார்கள். இங்கே ‘குழந்தையின் சளி’ என்று மொழிபெயர்த்தால் தாய் மூக்கைத்தான் துடைத்துக் காட்டுவாள்.